துருசடிப் பூனை

மாசிப் பனிக்கு மயில்வாகனத்தின் கால்கள் விடியுமுன் நனைவதில் புதினமில்லை. முற்றத்துப் புல்லில் நடந்தாலே கணுக்கால் வரை ஈரமாகிவிடும். ஆனால் அன்று பத்மாசனி அவருடைய கால்களைத் துடைக்கக் குனிந்தபோது, பெருவிரல் இடுக்கில் பாசி ஒட்டியிருந்தது. குளத்துப் பாசி, பச்சை நூல்போல. நகத்தால் எடுத்துத் துவாயில் தேய்த்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். அதுதான் அவளுக்குப் பயம்.

"அது இண்டைக்கு வந்தது," என்றார் அவர்.

"எது?"

"பூனை."

"சரி. வந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ."

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் கிரவல் ரோட்டில், நாவலடிக்குளத்தின் கீழே இருக்கிறது அவர்களுடைய வீடு. குளக்கட்டுக்கு இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் காடு. குடியேற்றத்தில் காணி கிடைத்துச் சாவகச்சேரிப் பக்கமிருந்து வந்த குடும்பம். மயில்வாகனம் நெடுங்காலம் இந்தக் குளத்தின் வட்டவிதானையாக இருந்தார். குளத்து மதகான துருசைத் திறந்து பூட்டி, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பங்கிடுகிற வேலை. இப்போது வேறொருவர் அந்த வேலையில் இருந்தாலும் ஊருக்கு விதானையார் என்றால் இவர்தான். மறதி வந்து இரண்டு போகம் ஆகிறது. அது ஊருக்கு முழுதாகத் தெரியாது. ஆட்கள் வந்தால் பத்மாசனி பக்கத்திலேயே நிற்பாள்; அவர் ஒரு பேரைத் தேடி நிற்கும்போது அந்தப் பேரைத் தன் பேச்சுக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுவாள்.

குசினிக்குள் சாரங்கா குரக்கன் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். புதுக்குடியிருப்புப் பெட்டை. காட்டு மிருகங்களைப் பற்றிய ஆய்வொன்றுக்காக மரங்களில் கமராப் பெட்டிகளைக் கட்டிவிட்டு, முன்னறையில் தங்கியிருக்கிறாள். ஏதாவது அசைந்தால் அந்தப் பெட்டி தானாகவே படம் பிடிக்கும். இதுவரை பன்றி, முயல், நரி, முள்ளம்பன்றி எல்லாம் விழுந்துவிட்டன. அவள் தேடிய பூனை மட்டும் விழவில்லை.

"ஐயா, என்ன பூனை?" என்றாள்.

"நீ வேறை அவரைக் கிளறாதை பிள்ளை," என்றாள் பத்மாசனி.

மயில்வாகனம் கதிரையில் நிமிர்ந்தார். "வீட்டுப் பூனையிலை பாதிதான் இருக்கும். குட்டியில்லை, வளந்தது. நடையிலை தெரியுமெல்லே. முதுகிலை புள்ளி. துருசுக் கம்பியிலை மழை பட்டால் கறள் வடியும், அந்த நிறம். நெத்தியிலை இருந்து பிடரிக்குக் கோடு ஓடுது. நாலு கோடு. கண்ணோரம் வெள்ளை. வால்..." கொஞ்சம் யோசித்தார். "வாலிலை ஒண்டுமில்லை. வளையமில்லாத வால்."

சாரங்காவின் கை புட்டில் நின்றுவிட்டது. "உள்ளங்கால் பாத்தனீங்களோ ஐயா?"

"கறுப்பு. கல்லிலை ஏறேக்கை கண்டனான்."

"நேற்று என்னை விமலா எண்டு கூப்பிட்டவர்," என்றாள் பத்மாசனி. விமலேஸ்வரி அவளுடைய செத்துப்போன தங்கை. "பூனையின்ரை உள்ளங்கால் நிறம் மட்டும் ஞாபகத்திலை நிக்குது."

"அம்மா, ஐயா சொல்லுறது அப்பிடியே சரி. புத்தகத்திலை துரும்பன் பூனை எண்டு கிடக்கு. உலகத்திலையே சின்னப் பூனையளிலை ஒண்டு. பகல் முழுக்க மரப்பொந்துக்குள்ளை கிடக்கும். கீழை கிடந்தாலும் தெரியாது, காய்ஞ்ச சருகிலை வெயில் பொட்டுப் பொட்டாய் விழுந்த மாதிரித்தான் உடம்பு. பெரிய கண். இருட்டிலை கொப்புக்குக் கொப்பு போகும். மழை பெய்தால்தான் நிலத்துக்கு இறங்குமாம், தவளை பிடிக்க."

"மழை எங்கை பிள்ளை? தை பிறந்து ஒரு துளி விழேல்லை."

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை," என்றாள் சாரங்கா.

அந்நேரம் படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இப்போதைய வட்டவிதானை சிவகரன். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான். கால் முழுக்கச் சேறு.

"விதானையார் நிக்கிறாரோ அக்கா? அநியாயம் நடந்து போச்சு. ஆரோ துருசைத் திறந்து விட்டிருக்கிறாங்கள். விளைஞ்ச வயலெல்லாம் வெள்ளம். நாளைக்கு வெட்டு மெசின் வாறதெண்டு சொன்னது. இனி அது இறங்குமோ? சேத்திலை தாண்டு போகும்."

பத்மாசனி அடுப்பில் விறகைத் தள்ளினாள், தள்ளத் தேவையில்லாமல்.

மயில்வாகனம் கோப்பையை வைத்தார். "நெல்லு விளைஞ்சு அருவி வெட்டுற நேரத்திலை தண்ணி திறந்தவன் விசரனாய்த்தான் இருப்பான்."

"அதைத்தான் நானும் சொல்லுறன் விதானையார்! பூட்டிப்போட்டுத்தான் வந்தனான். சாவி என்னட்டை. பழைய சாவி ஒண்டு இருந்ததெல்லே அக்கா, அது எங்கை?"

"அது சண்டைக்கு இடம்பெயரேக்கை போயிட்டுது," என்றாள் பத்மாசனி.

அந்தப் பொய்க்கு இந்தப் பக்கத்தில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. எல்லோரிடமும் இடம்பெயரும்போது போனவை இருந்தன. சிவகரன் தலையை மட்டும் ஆட்டினான். "எனக்கு ஆளைத் தெரியும். கடைவாய்க்கால்காரன். கணபதியின்ரை வயல்தானே இன்னும் பச்சையாய் நிக்குது, ஒரு தண்ணி காணாமல். வேறை ஆருக்கு இப்ப தண்ணி வேணும்? வெள்ளிக்கிழமை கூட்டம் வச்சிருக்கு. சிறுபோகத்திலை அவருக்குப் பங்கில்லை எண்டு நிண்டால்தான் சரி வரும்."

அவன் போனபின் அவள் விறகுக் குவியலைக் கிளறினாள். தேடிக் களைக்க வேண்டியிருக்கவில்லை. பாலை விறகுக்கு அடியில் சாவி கிடந்தது. முழங்கை நீள இரும்பு, தலையில் குறுக்குப் பிடி, இன்னும் ஈரம். இடம்பெயர்ந்தபோது அவர் அதைக் கிணற்றடியில் புதைத்தார். திரும்பி வந்ததும் முதலில் தோண்டியது அதைத்தான். அவளுடைய தையல் மெசினைப் பிறகுதான் தோண்டினார். அன்றைக்கு அவளுக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தக் கோபம் எவ்வளவு சின்னது என்று பட்டது. துவாயில் சுற்றி நெல்லு மூட்டைக்குப் பின்னால் வைத்தாள். கையில் இரும்பின் கறள் ஒட்டியிருந்தது. சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள்.

வவுனியாவிலிருந்து மகன் சுதாகரன் போன் எடுத்தபோது அவள் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். ஆனால் சாரங்கா உற்சாகத்தில் பூனைக் கதையை அவனுக்கு முன்பே சொல்லிவிட்டிருந்தாள்.

"பூனை எண்டு ஏதோ சொல்லுறாராம், உண்மையோ அம்மா? விடியக் கருக்கலிலை வெளிக்கிட்டுப் போறாரோ? யானை நிக்கிற இடம். இஞ்சை வந்தால் கேற் இருக்கு, கிறில் இருக்கு, பூட்டி வைக்கலாம்."

"பூட்டி வைக்க அவர் என்ன கோழியோ?"

"நீங்கள் இப்பிடியே பகிடி விட்டுக்கொண்டிருங்கோ. பிறகு என்னைக் குறை சொல்லாதேங்கோ."

அவன் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் அவளுக்கு வலித்தது. அவன் வீடு மேல்மாடியில். அங்கே போனால் அவர் காலுக்கு எதுவும் தெரியாது. இங்கே தலை மறந்ததைக் கால் வைத்திருக்கிறது: கிணற்றடி, மாட்டுக் கொட்டில், வாய்க்கால் வரம்பு. அந்தக் கால்களையும் எடுத்துவிட்டால் பிறகு அவரில் என்ன மிஞ்சும்? இதை மகனுக்கு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. துருசு விசயம் வெளியே வந்தால் சொல்லவும் இடமிருக்காது. அன்றே வாகனம் வந்துவிடும்.

பேசாமல் இருந்தால் போதும். கணபதிக்கு ஒரு சிறுபோகம், ஒரு கோடைப் பயிர்தானே. அப்படி நினைத்தபோது அவளுக்குத் தன்னுடைய குரலே வேறு யாருடையதோபோல இருந்தது.

மத்தியானம் கணபதியின் பெண்சாதி மீனம்மா மரவள்ளிக் கிழங்கோடு வந்தாள். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் துரத்தப்பட்டு, தாயின் இடுப்பில் வந்தவள். இங்கேயே வளர்ந்தும் பேச்சில் அந்தப் பக்கத்துச் சாயல் போகவில்லை.

"அக்கா, கேள்விப்பட்டீங்களா? எங்க மேல சொல்றாங்க."

"ஓம், சொன்னவங்கள்."

"அவரு முகத்தப் பாக்க முடியலக்கா. சோறு வச்சேன், கை நனைக்கல. 'நான் கேட்டா விதானையார் குடுத்திருப்பாரே, நான் ஏன் திருடணும்'னு அதையே சொல்லிக்கிட்டிருக்காரு." மீனம்மா கிழங்கை நிலத்தில் வைத்தாள். "ஒரு போகம் தண்ணி இல்லாட்டி என்ன, கூலிக்குப் போவோம். அது பழக்கந்தான். ஆனா திருட்டுப் பேரு வந்தா, புள்ளைங்க பள்ளிக்கூடம் போற பாதையில கேக்கணுமே."

"இரு, பிளேன்ரீ குடிச்சிட்டுப் போ."

"வேணாங்கா. விதானையார் கூட்டத்துல ஒரு வார்த்த சொல்லுவாருங்களா? அவரு சொன்னா கேப்பாங்க."

உள்ளேயிருந்து மயில்வாகனம் எட்டிப் பார்த்தார். மீனம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பேர் வரவில்லை. பத்மாசனி இந்த முறை பேரை எடுத்துக் கொடுக்கவில்லை; குனிந்து கிழங்கை எடுத்தாள்.

"கடைவாய்க்காலுக்குத் தண்ணி போய்ச் சேர்ந்ததோ பிள்ளை?" என்று கேட்டார் அவர். ஆளை மறந்தும் வயல் எதுவென்று தெரிந்திருந்தது.

மீனம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

பின்னேரம் சாரங்கா குளக்கட்டிலிருந்து வந்தாள். வழமைபோலச் சப்பாத்தைக் கழற்றி முற்றத்தில் தட்டவில்லை. மடிக்கணினியைக் கொண்டுவந்து குசினிப் பலகையில் வைத்தாள்.

"அம்மா, ஐயா படுத்திட்டாரோ?"

"ஓம். ஏன்?"

"துருசடியிலை முந்தநாள்தான் ஒரு பெட்டி கட்டினனான். இதைப் பாருங்கோ."

படத்தில் நிறம் இல்லை. சாம்பலும் வெள்ளையும்தான். துருசுக் கல்லில் மயில்வாகனம் குந்தியிருந்தார், தலையில் துவாய். காலடியில் தண்ணீர் நுரைத்து வாய்க்காலுக்குள் விழுந்தது. ஈரம் பட்ட வரம்பெல்லாம் தவளைகள், எறிந்த கற்கள்போல. வரம்பின் அந்த முனையில், ஒரு தேங்காயை விடக் கொஞ்சம் பெரிதாக, அது நின்றது. ஒரு முன்னங்கால் தூக்கியபடி. கண்கள் இரண்டும் விளக்குகள்.

பத்மாசனிக்கு விளங்கியது. மழை பெய்தால்தான் இறங்கும். மழை இல்லை. அவர் மழையைத் திறந்துவிட்டிருக்கிறார்.

தெரிந்துதான் செய்தாரா, தண்ணீர் முறை என்று நினைத்துத் திறந்தபோது அது தற்செயலாக வந்ததா, அவருக்கே தெரியாது. ஆனால் படத்தில் அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. பூனையைப் பார்த்தார். அந்த முகத்தை அவள் குனிந்து பார்த்தாள். தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்த ஒருவருடைய முகம். அதைக் கண்டு எவ்வளவு நாளாயிற்று. போன கிழமை பிறந்த பேரப்பிள்ளை அவர் நினைவில் தங்கவில்லை, நேற்றுச் சாப்பிட்ட கறி தங்கவில்லை. இது தங்கியிருக்கிறது.

அடுத்த படத்தில் கல் வெறுமையாக இருந்தது. அதற்கடுத்ததில் அதே கல்லருகே யானையின் கால் ஒன்று, மரம்போல.

அவள் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனிசர் விழுந்த படங்களை அழிக்கவேணும் எண்டுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கு," என்றாள் சாரங்கா மெல்ல. "நான் அழிச்சால் ஒருத்தருக்கும் தெரியாது அம்மா."

"உன்ரை பூனை?"

"பூனை நிக்கிற படம் எல்லாத்திலையும் ஐயா இருக்கிறார்."

"அப்ப அதுவும் போயிடும்."

"ஓம்." பெட்டையின் கண் கலங்கியிருந்தது. மாசக்கணக்காக முள்ளுக்குள் நடந்து தேடியது. "பரவாயில்லை."

பத்மாசனி விறகை வெளியே இழுத்தாள். அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு கொதித்தது.

"அழி பிள்ளை. படம் காட்டித்தான் சொல்லவேணுமெண்டில்லை. அழிச்சுப்போட்டு வெள்ளிக்கிழமை என்னோடை கூட்டத்துக்கு வா. எனக்குத் தனிய நடக்க முழங்கால் ஏலாது."

கூட்டம் குளக்கட்டடியில், மருதமரத்துக்குக் கீழே. விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குக் கட்டடம் இருந்தது. ஆனால் தண்ணீர் வழக்கு என்றால் மரத்தடிதான். கணபதி ஓரத்தில் குந்தியிருந்தான், துவாயைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு.

"பச்சைப் பயிர் ஆருடையதோ அவருக்குத்தானே தாகம்," என்றான் ஒருவன். சிலர் சிரித்தார்கள்.

"வாய்க்கால் வாலிலை இருக்கிறவைக்கு எப்பவும் தலையிலைதான் கண்," என்றான் இன்னொருவன்.

"நான் தொறக்கலீங்க," என்றான் கணபதி.

மயில்வாகனத்தைச் சாரங்கா கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தாள். ஆட்கள் எழுந்து கதிரை கொடுத்தார்கள். பத்மாசனி துவாயை அவிழ்த்து, சாவியைச் சிவகரனுக்கு முன்னால் கிடந்த கல்லில் வைத்தாள். இரும்பு கல்லில் பட்ட சத்தத்தில் சிரிப்பு நின்றது.

"இது இடம்பெயரேக்கை போகேல்லை. நான் பொய் சொன்னனான்," என்றாள். "துருசைத் திறந்தது இவர். அவருக்கு இப்ப நாள் கிழமை தெரியாது. எங்கடை பேரும் சில நேரம் தெரியாது. நான் மறைச்சு வச்சிருந்தனான். கணபதியிலை பிழையில்லை."

அதை எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். வெளியே வந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தது.

மயில்வாகனம் சாவியை அடையாளம் கண்டார். "உது என்ரை சாவியெல்லோ. ஆர் எடுத்தது?"

சிவகரன் நிலத்தைப் பார்த்தான். நேற்று முந்தநாள் அவரிடம் ஆலோசனை கேட்ட வாய். "அக்கா, எங்களுக்கொரு சொல் சொல்லியிருக்கலாமே," என்றான் கடைசியில்.

"சொன்னால் இவரைக் கொண்டுபோயிடுவாங்கள் எண்டு பயந்தனான்."

கணபதிதான் எழுந்தான். துவாயைத் தோளில் போட்டான். "பஞ்சம் வந்த வருசம், கடைவாய்க்காலுக்குத் தண்ணி சேர்ந்தப்புறந்தான் தன் வயலுக்கே கட்டினாருங்க இவரு. எல்லாரும் பாத்திருப்பீங்க. இப்ப என்ன, மெஷின் எறங்காது, அவ்வளவுதானே? கையால வெட்டுவோம். நானும் மீனம்மாவும் வாறோம். அருவாளு துருப்பிடிக்கல."

"உனக்கென்ன, உன்ரை வயலுக்கு ஓசித் தண்ணி கிடைச்சிட்டுது," என்றான் முதலில் கேலி பேசியவன். இந்த முறை கணபதியும் சிரித்தான்.

அன்றிரவே பத்மாசனி மகனுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, யானையின் காலைக்கூட. அவன் கோபப்பட்டான், பிறகு அழுதான். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்றான்.

"வா. வரேக்கை பழைய சேட்டுப் போட்டுக்கொண்டு வா. அருவி வெட்டிப்போட்டுக் கதைப்பம்."

வந்தான். ஈர வயலில் குனிந்து வெட்டி, மத்தியானத்துக்கு முன்பே உள்ளங்கை கொப்புளித்து வரம்பில் இருந்தான். மீனம்மா சோறும் குளத்து யப்பான் மீன் குழம்பும் கொண்டுவந்தாள். எதிரே தகப்பன் வெட்டிப் போட்ட கதிர்களை அள்ளி, வைக்கோலை முறுக்கிக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கட்டும் நெகிழவில்லை. சுதாகரன் சோற்றைப் பிசைந்தபடி அதையே பார்த்தான்.

"இந்தச் சிறுபோகம் மட்டும்," என்றான் தாயிடம், போகும்போது. "தனிய விடமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"தனிய விடமாட்டன்."

சித்திரை கழிந்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். பழைய சாவியையும் சிவகரனே வைத்திருந்தான். ஆனால் கணபதியின் முறை வரும் நாட்களில், வெளிச்சம் வந்த பிறகு, யானை போய்விட்டதா என்று கணபதி பார்த்துவிட்டு வந்து படலையடியில் இருமுவான். மயில்வாகனம் துவாயைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவார். பத்மாசனி பின்னால் நடப்பாள்.

முதல் சில நாட்கள் ஒன்றும் வரவில்லை. சாரங்கா தூரத்தில், பாலை மரத்துக்குப் பின்னால் கமராவைக் கட்டியிருந்தாள். கல் படத்தில் விழாதபடி.

பிறகு ஒரு காலை. சிவகரன் கொடுத்துவிட்ட சாவியைக் கணபதி திருகினான். தண்ணீர் இருமி, நுரைத்து, வாய்க்காலுக்குள் இறங்கியது. தவளைகள் குதித்தன. எதிர்ப்பக்கத்து மருதில் தாழ்ந்திருந்த கொப்பொன்றிலிருந்து, சருகு விழுவதுபோல, ஏதோ இறங்கியது. நிலத்துக்கு வந்த பிறகுதான் அது பூனையாயிற்று.

பத்மாசனி மூச்சை அடக்கினாள். படத்தில் இல்லாத நிறம் இதோ இருந்தது. கறள். அவள் சவுக்காரம் போட்டுத் தேய்த்த அதே நிறம், வரிசை வரிசையாக, உயிரோடு. அது தண்ணீரோரம் குனிந்தது, ஒரு தவளையைக் கவ்வியது, தலையைத் தூக்கி இவர்களைப் பார்த்தது.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். அவர் கண்கள் விரிந்திருந்தன.

"பத்மா, உது என்ன பூனை?" என்றார் ரகசியமாக. "இப்பிடி ஒண்டை நான் கண்டதேயில்லை."

கணபதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

"அது துரும்பன் பூனை," என்றாள். "குட்டியில்லை, வளந்தது. நடையைப் பாருங்கோ. முதுகிலை கறள் புள்ளி. நெத்தியிலை நாலு கோடு. கண்ணோரம் வெள்ளை. வாலிலை வளையமில்லை. கல்லிலை ஏறேக்கை பாருங்கோ, உள்ளங்கால் கறுப்பு."

பூனை கல்லில் ஏறியது. உள்ளங்கால் கறுப்பாகத்தான் இருந்தது.

"உமக்கு இதெல்லாம் ஆர் சொன்னது?"

"விதானையார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். தண்ணீர் கடைவாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஆ," என்றார், "அவர் பொய் சொல்லமாட்டார்."